வண்டியில் ஏறிய தளபதி

செம்மலை நாட்டில் வருஷம் ஒரு தரம் நாய்களுக்கு வண்டி இழுக்கும் போட்டி நடக்கும். பாரம் ஏற்றிய வண்டியில் நாயைப் பூட்டுவார்கள். வளர்த்தவர் எல்லைக்கோட்டில் நின்று கூப்பிடலாம். தொடக்கூடாது, தின்பண்டம் காட்டக்கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

தளபதி உக்கிரசேனரிடம் வேங்கை என்று ஒரு நாய் இருந்தது. கன்றுக்குட்டி அளவு இருக்கும். சபைக்கே கூட்டி வருவார். இடுப்பை விட்டு இறங்காத பிள்ளை மாதிரி, அது அவர் மடியிலேயே தலையை வைத்துக் கிடக்கும்.

அந்த வருஷம் அவர் கண், குயவர் தெரு பூவாயியின் கரும்பன்மேல் விழுந்தது. ஏரியிலிருந்து மண் வண்டி இழுக்கிற நாய் அது.

"அரசே, இரண்டும் மோதட்டும். தோற்ற நாய் ஜெயித்தவருக்கு!" என்றார். அரசரும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டார்.

பூவாயி மந்திரி அம்பலவாணரிடம் ஓடினாள். "ஐயா, கரும்பன் போச்சுன்னா மண் ஏது, பானை ஏது? என் பிள்ளைங்களுக்குச் சோறு ஏது?"

"நீ கூப்பிட்டால் வருமா?"

"மலையையும் இழுத்துக்கிட்டு வருமுங்க."

"அப்போ நீ கோட்டில் நின்று கூப்பிடு. மற்றதை நான் பார்த்துக்கிறேன்."

போட்டி நாள். தளபதி வண்டியில் மூட்டைகளை அடுக்கச் சொன்னார். "இரண்டுக்கும் ஒரே பாரம்! ஏற்றியதில் ஒன்று இறங்கினாலும் தோல்வி!" என்று புது நிபந்தனையும் போட்டார்.

அம்பலவாணர் மெல்ல அவர் காதருகே போனார். "வெறும் நெல் மூட்டையை இழுத்தால் யார் பேசப்போகிறார்கள்? பாரமாகத் தாங்களே உட்கார்ந்தால் ஊரே வாயைப் பிளக்குமே!"

தளபதிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "வண்டியிலிருந்தே கட்டளை போடுவேன். என் குரல் போதும் வேங்கைக்கு!" மீசையை முறுக்கிக்கொண்டு மூட்டைகள்மேல் ஏறி உட்கார்ந்தார்.

வேங்கையைப் பூட்டினார்கள்.

"போ!" என்றார் தளபதி.

வேங்கை திரும்பிப் பார்த்தது. எஜமான் பின்னால் இருக்க, முன்னால் அதற்கு என்ன வேலை? உடம்பை நெளித்து வாரிலிருந்து உருவிக்கொண்டது. ஒரே தாவு! அவர் மடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"சீ, இறங்கு!" என்றார். அது அவர் மீசையை நக்கியது.

"தாலாட்டுப் பாடுங்க தளபதியாரே!" என்று கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள்.

தளபதி இறங்கப் பார்த்தார். "ஆங், பாரம் இறங்கினால் தோல்வி. தாங்கள் போட்டதுதான்" என்றார் மந்திரி.

தளபதிக்கு ரோஷம் பொங்கியது. "அப்படியா? அந்தக் கரும்பனும் இதே பாரத்தை இழுக்கட்டும்! என்னோடு வேங்கையையும் சேர்த்து!"

கரும்பனைப் பூட்டினார்கள். பூவாயி கோட்டில் நின்று கையை விரித்தாள். "வாடா என் ராசா, வீட்டுக்குப் போலாம்!"

கரும்பன் தலையைத் தாழ்த்தி, நகத்தை மண்ணில் ஊன்றியது. சக்கரம் முனகியது. அப்புறம் நகர்ந்தது. மூட்டை, தளபதி, வேங்கை எல்லாம் கோட்டைத் தாண்டின.

"என் வேங்கையும்தான் தாண்டிவிட்டது. சமம்!" என்றார் தளபதி, மேடையில் இருந்த அரசரிடம்.

"உண்மைதான் அரசே. ஒன்று இழுத்துத் தாண்டியது, ஒன்று படுத்துத் தாண்டியது" என்றார் அம்பலவாணர்.

அரசர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பூவாயி, பேச்சுப்படி வேங்கை இனி உனக்கு" என்றார்.

பூவாயி பதறிக் கும்பிட்டாள். "வேண்டாமுங்க ராசா! அது இவர் மடியை விட்டு வராது. இவரையும் சேர்த்து வளர்க்க என் வீட்டுல எடமில்லைங்க!"

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் மடியில் விழுந்தது. அந்த நெல் மூட்டைகளை வண்டியோடு பூவாயிக்கே கொடுத்தார், தளபதியை மட்டும் இறக்கிவிட்டு.