பகல் பன்னிரண்டு மணி நடுச்சாமம்

கோணக்கரைப்பட்டி ஆட்களைப் பற்றி வெளியூர்க்காரர்கள் ஆயிரம் சொல்வார்கள். ஆனால் சொன்ன பேச்சைக் கேட்காதவர்கள் என்று மட்டும் எவனும் சொல்லிவிட முடியாது. சொன்னதைச் சொன்னபடியே கேட்பார்கள். சிக்கல் எல்லாம் சொன்னவனுக்குத்தான்.

அந்த ஊரிலிருந்து நாலு பேர் டவுனில் இருக்கிற நூல் மில்லுக்கு நைட் ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். சோணைமுத்து எட்டாவது வரை பள்ளிக்கூடம் போனவன், அதனால் யோசிக்கிற பொறுப்பு அவனுடையது. மூக்கையாவுக்குப் பயம் அதிகம். சீனிக்குத் தொண்டை பெரிசு. நாலாவது ஆள் ஆவுடையப்பன். அவனுக்கு மாமன் மகள் செல்லக்கிளி மேல் உயிர்.

மாமா கொண்டல்சாமி கறாராகச் சொல்லிவிட்டார். "ஒரு மாசம் ஒரே வேலையில இருந்து காட்டு மாப்ளே, பொண்ணத் தாரேன். நடுவுல ஓடி வந்தே, டிராக்டர் வச்சிருக்கானே கழுகுமலைப் பையன், அவனுக்குப் பேசி முடிச்சிருவேன்."

அந்த டிராக்டரை நினைத்தாலே ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்காது. அப்படியும் முதல் இரண்டு ராத்திரியும் மிஷின் ஓரமாகவே நின்றபடி தூங்கிவிட்டான். மற்ற மூன்று பேரும் படுத்தே தூங்கினார்கள். நூல் அறுந்து காற்றில் பறந்தது.

மேஸ்திரி ஞானதுரை நல்ல மனுஷர். கூப்பிட்டு உட்கார வைத்தார். "இன்னொரு தடவை தூங்கினா நாலு பேரும் ஊரைப் பார்த்துப் போக வேண்டியதுதான். பகல்ல ஒழுங்காத் தூங்கணும்டா. காலையில ரூமுக்குப் போனதும் அதை ராத்திரின்னே நினைச்சுக்கோங்க. ராத்திரி செய்யறதை எல்லாம் செய்யுங்க, ராத்திரி செய்யாததைச் செய்யாதீங்க. இங்க வந்ததும் இதைப் பகல்னு நினைச்சு நடந்துக்கோங்க. உடம்பு தானா பழகிடும்."

"எப்ப வரைக்கும் நினைக்கணும்?" என்று கேட்டான் ஆவுடையப்பன்.

"நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும்" என்றார் மேஸ்திரி. பாவம், விளையாட்டாகச் சொன்னார்.

மறுநாள் காலை சூரியன் சுள்ளென்று ஏறிக்கொண்டிருந்தபோது நாலு பேரும் ரூமுக்கு வந்து, கைகால் கழுவி, விளக்கு வைத்தார்கள். சீனி அப்போதுதான் வலது காலில் நகம் வெட்டி முடித்திருந்தான். விளக்கு வைத்த பிறகு நகம் வெட்டக் கூடாது என்று மூக்கையா பிளேடைப் பிடுங்கிக்கொண்டான். இடது கால் அப்படியே நின்றது.

பக்கத்து வீட்டுப் பாக்கியத்தக்கா கிண்ணத்தோடு வந்தாள். "தம்பி, ஒரு கை உப்பு குடுங்கப்பா. உலையில அரிசி வெந்துகிட்டிருக்கு."

ஆவுடையப்பன் கையைக் கட்டிக்கொண்டான். "விளக்கு வச்சாச்சேக்கா. விளக்கு வச்ச பிறகு வீட்ல இருந்து உப்பு குடுக்கக் கூடாதே."

அக்கா திரும்பிச் சூரியனைப் பார்த்தாள். திரும்பி இவனைப் பார்த்தாள். "உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"நல்லா இருக்கோம்க்கா. நீங்க இந்நேரத்துல தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு வெளிய நிக்காதீங்க. உள்ள போங்க."

அவள் உப்பில்லாமலே சோறு பொங்கினாள். அன்றிலிருந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

படுத்தார்கள். தூக்கம் வரவில்லை.

"என்னமோ குறையுதுடா" என்றான் ஆவுடையப்பன்.

சோணைமுத்து கூரையைப் பார்த்து வெகுநேரம் யோசித்தான். "நாய் குரைக்கல. நாய் குரைக்காத ராத்திரி என்ன ராத்திரி?"

எல்லோரும் சீனியைப் பார்த்தார்கள். சீனி மறுப்பேதும் சொல்லாமல் எழுந்து வாசற்படியில் உட்கார்ந்து குரைக்க ஆரம்பித்தான். நல்ல குரல். தெருநாய்கள் எல்லாம் கூடி வந்து மரியாதையாகத் தள்ளி நின்று கேட்டன. திருட்டுப் பயம் இருக்கிறதே என்று மூக்கையா விசில் ஊதிக்கொண்டு, கம்பைத் தட்டித் தட்டி ரூமைச் சுற்றி ரோந்து வந்தான். இந்தச் சத்தத்தில் ஒருத்தனும் கண் மூடவில்லை. ஆனாலும் ஊரில் இருக்கிற மாதிரியே இருக்கிறது என்று ஆவுடையப்பனுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

இப்படிப் பாதி மாசம் ஓடியது. ராத்திரியில் கண்ணில் எண்ணெய் விட்ட மாதிரி எரிந்தாலும், செல்லக்கிளியை நினைத்துக்கொண்டு அவன் விழித்தே நின்றான். மற்றவர்கள் கண் சொருகினால் அவனே கிள்ளி எழுப்பினான்.

அப்போதுதான் ஒரு நாள் உச்சி வெயிலில் மாமா வந்து சேர்ந்தார். மாப்பிள்ளை வேலையில் ஒட்டிக்கொண்டான் போலிருக்கிறதே, கல்யாணத்துக்கு நாள் பார்த்துவிடலாம் என்று கையில் வெற்றிலை பாக்கோடு வந்திருந்தார். கதவைத் தட்டினார்.

"ஆவுடையப்பா!"

உள்ளே நாலு பேரும் விறைத்துப்போனார்கள்.

"ஆவுடையப்பா!"

மூன்றாவது தடவைக்கு வாயைத் திறந்தார், இருமல் வந்துவிட்டது. புகையிலை போடுகிற மனுஷர். அவருக்கு எப்போதும் அப்படித்தான், இரண்டு கூப்பாட்டுக்கு மேல் நெஞ்சு ஒத்துழைக்காது.

"மாமாடா!" என்று எழுந்தான் ஆவுடையப்பன்.

மூக்கையா அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தான். "நடுச்சாமத்துல யாராவது கூப்பிட்டா மூணாவது தடவைக்குத்தான் பதில் சொல்லணும். பேய் ரெண்டு தடவைதான் கூப்பிடும். எண்ணினியா?"

"ரெண்டுதான்" என்றான் ஆவுடையப்பன். "ஆனா அது மாமா குரல்."

"பேய் தெரிஞ்சவங்க குரல்லதான்டா வரும்" என்றான் சோணைமுத்து. "தெரியாதவன் குரல்ல வந்தா நீ கதவைத் திறப்பியா?"

"இருமுதே. பேய்க்கு எதுக்கு இருமல்?"

"குரலை எடுத்தா இருமலையும் சேர்த்துத்தான் எடுக்கும். பாதியை விட்டுட்டு வந்தா யாரு நம்புவா?"

ஆவுடையப்பனுக்கு அழுகை வந்தது. வெளியே நிற்பது மாமாவாக இருந்து கோபித்துக்கொண்டு போய்விட்டால், நேரே டிராக்டர்காரன் வீட்டுக்குத்தானே போவார்? பேயாக இருந்தாலும் பரவாயில்லை என்று கதவிடுக்கில் வாயை வைத்தான். "மாமா, கோவிச்சுக்காதீங்க! எங்களுக்கு இப்ப நடுச்சாமம்!" மேஸ்திரி சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னான்.

கொண்டல்சாமியும் கோணக்கரைப்பட்டிதானே.

"நடுச்சாமமா?" என்றார் மாமா பதறிப்போய். "அடக் கெடுத்தேனே! நல்ல காரியம் பேச வர்ற நேரமாடா இது? முன்னமே சொல்லக் கூடாதா? நான் பகல்ல வாரேன்." வெயிலில் முக்காடு போட்டுக்கொண்டு, இருட்டில் நடக்கிறவர் மாதிரி கல்லைத் தடவித் தடவிப் போனார்.

சொன்ன சொல் தவறாதவர். பகலில் வந்தார், அதாவது அன்று ராத்திரி மில்லுக்கு. வாட்ச்மேனிடம் மாப்பிள்ளைக்குச் சாப்பாடு என்று சொல்லித் தூக்குச்சட்டி நிறையக் கோழிக்குழம்பும் சோறும் கொண்டுவந்திருந்தார். சாப்பாட்டு இடைவேளை. பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்து மூக்குப் பிடிக்கத் தின்றார்கள். மாமா ஏப்பம் விட்டார். துண்டை உதறி விரித்தார்.

"மாமா, இங்க தூங்கக் கூடாது" என்றான் ஆவுடையப்பன் பயந்துபோய்.

"ராத்திரித் தூக்கத்தைத்தானே வேண்டாம்னாரு? இது பகல்டா. மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டுட்டு நம்ம ஊர்ல எவனாவது படுக்காம இருந்திருக்கானா? பகல்ல நடந்துக்கற மாதிரி நடந்துக்கன்னு உங்க மேஸ்திரியே சொல்லியிருக்காரு. படு."

இதில் தப்புக் கண்டுபிடிக்க சோணைமுத்துவாலேயே முடியவில்லை. படுத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் மேஸ்திரி தேடிக்கொண்டு வந்தார். "ஆவுடையப்பா!"

"வாயைத் திறக்காத" என்றார் மாமா கண்ணை மூடியபடியே. "உச்சிப்பொழுது. இந்நேரமும் அதுங்க அலையற நேரம்தான். மூணாவது கூப்பிடட்டும்."

"ஆவுடையப்பா!"

மேஸ்திரி மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. ஐந்து பேர் வரிசையாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "விடிஞ்சதும் ஊருக்குப் போயிருங்கப்பா" என்று அலுத்துப்போய்ச் சொல்லிவிட்டு நடந்தார்.

"ரெண்டோட போயிருச்சு" என்றான் மூக்கையா நிம்மதியாக. "பேயேதான்."

காலையில் கேட்டுக்கு வெளியே நின்றபோதுதான் ஆவுடையப்பனுக்கு விஷயம் உறைத்தது. ரோட்டிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதான். "மாசம் முடியலையே மாமா! பாதிதானே ஆச்சு! செல்லக்கிளி போச்சே!"

மாமாவுக்கும் கண் கலங்கியது. ஆனால் வாக்கு வாக்குதான். அப்போது சோணைமுத்து முன்னால் வந்தான். "பொறுங்க மாமா. ஊர்ல ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போச்சுன்னா, எங்க ரூம்ல தனியா ஒரு ராத்திரியும் ஒரு பகலும் போச்சு. அதையும் இதையும் கூட்டணுமா வேண்டாமா?"

மாமா விரலை மடக்கிப் பார்த்தார். கால்விரலையும் மடக்கிப் பார்த்தார். "கூட்டினா முழு மாசம் ஆயிருச்சேடா!" என்று ஆவுடையப்பனைக் கட்டிக்கொண்டார்.

கல்யாணத்துக்கு விடியற்காலை முகூர்த்தம். மேளம் தயார். மாமா செல்லக்கிளியின் கையைப் பிடித்து ஆவுடையப்பன் கையில் கொடுக்க நீட்டினார். அவனோ மணவறை ஓரத்தில் எரிந்த குத்துவிளக்கைப் பார்த்துக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"மாமா, விளக்கு வச்சாச்சு. எனக்கு இப்ப ராத்திரி தொடங்குது. மேஸ்திரி இன்னும் நிறுத்தச் சொல்லல. விளக்கு வச்ச பிறகு வீட்ல இருந்து உப்பே குடுக்கக் கூடாது. பொண்ணை எப்படிக் குடுப்பீங்க?"

மாமாவின் கை அந்தரத்தில் நின்றது. சபை முழுக்க யோசித்தது. இருட்டும் வரை காத்திருக்கலாம் என்றார்கள் சிலர். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு யோசிக்கலாம் என்றார்கள் பலர். ஆவுடையப்பன் வியர்த்து வழிந்தான். கைக்கு எட்டிய செல்லக்கிளி எட்ட நிற்கிறாள்.

செல்லக்கிளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "குடுக்கத்தானே கூடாது? யாரும் குடுக்க வேண்டாம், நானே வாரேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு எட்டில் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தை நீட்டினாள். மேளம் கொட்டியது. தாலி ஏறியது.

ஆவுடையப்பன் இப்போது தென்னந்தோப்புக்கு ராக்காவல். மாமாவுக்குத்தான் இன்னும் ஒரு குறை. பெண்ணை முறைப்படி கையில் பிடித்துக் கொடுக்கவில்லையே என்று உறுத்துகிறது. அந்தக் காரியத்தை முடித்துவிடலாம் என்று அடிக்கடி உச்சி வெயிலில் கிளம்பி வருவார். வாசலில் நின்று, "ஆவுடையப்பா! ஆவுடையப்பா!" என்பார். அப்புறம் இருமல்.

உள்ளே ஆவுடையப்பன் திடுக்கிட்டு எழுவான். "புள்ள, உங்க அப்பா மாதிரி இருக்கே!"

செல்லக்கிளி கண்ணைத் திறக்காமலே போர்வையை அவன் தலைவரைக்கும் இழுத்து மூடுவாள்.

"ரெண்டு தடவைதானே கூப்பிட்டுச்சு? பேசாமப் படுங்க."