ஏழு நீர்நாய்கள் புரண்ட புல்

ஆனைமடுவில் ஏழு நீர்நாய்கள் ஒரே வளையில் குடும்பமாக வாழ்ந்தன. மீன் பிடித்துக் கரையேறியதும் ஏழும் நேராகப் போய் விழுகிற இடம் ஒன்று உண்டு. மருதமரத்தடியில் ஒரு புல்திட்டு. அதில் முதுகைப் போட்டு இப்படியும் அப்படியும் புரண்டால் உடம்பு ஈரம் போய்விடும். பல தலைமுறையாக அதே திட்டுதான். யாராவது தனியாக வேறு புல்லில் புரண்டால், "என்ன, வீட்டில் சண்டையா?" என்று மீன்கொத்திகூடக் கேட்டுவிடும்.

அந்த வீட்டு மருமகள் பெயர் தவமணி. அவளுக்கு ஒரே குட்டி, பவளம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் பவளம் தொடையைச் சொறிய ஆரம்பித்தாள்.

"அம்மா, அரிக்குதும்மா!"

தவமணி மயிரை விலக்கிப் பார்த்தாள். வட்டமாக ஒரு தடம். ஓரம் சிவந்திருந்தது, நடுவில் வெளிறியிருந்தது. படர்தாமரை! பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் என்ன? அவளுடைய அக்குளிலும் ஒரு மாதமாக அப்படி ஒன்று இருந்தது. யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை.

தன்னைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. குட்டியை நினைத்துத்தான் பகீரென்றது. நீர்நாய்க்கு மயிர்தான் கம்பளி. அது அடர்த்தியாக இருந்தால் எவ்வளவு குளிர்ந்த தண்ணீரும் தோலைத் தொடாது. படர்தாமரை வந்த இடத்தில் மயிர் உதிரும். மார்கழித் தண்ணீரில் மயிரில்லாத குட்டி இறங்கினால் என்ன ஆகும்?

அன்றைக்கே குட்டியைக் கூட்டிக்கொண்டு கரையான் புற்றருகே போனாள். அங்கேதான் பேச்சி என்ற கீரி இருந்தாள். பச்சிலை தெரிந்தவள். வாய் கொஞ்சம் முள்.

பேச்சி குட்டியைப் புரட்டிப் பார்த்தாள். "மழையில கட்டைமேல காளான் பூக்குதுல்ல? அதோட சொந்தக்காரிதான் இது. ஈரமும் நிழலும் கிடைச்சா படர்ந்துக்கிட்டே போகும். வண்டுகொல்லி இலை தரேன். அரைச்சுப் பூசு. வட்டத்துமேல மட்டும் இல்ல, வட்டத்தைச் சுத்தி ரெண்டு விரல் தள்ளியும் பூசு."

"எத்தனை நாளைக்கு அக்கா?"

"அரிப்பு ஒரு வாரத்துல நிக்கும். அப்ப நிறுத்தினியோ, கெட்டுது! தோல் பழையபடி ஆகணும். அதுக்கு அப்புறமும் அரை மாசம் பூசணும். அவளுக்குத் தனிப் புல்லு போடு. தினமும் வெயில்ல காயவை. சரி, வீட்டுல வேற யாருக்காச்சும் இருக்கா?"

தவமணி முன்னங்காலை விலாவோடு ஒட்டிக்கொண்டாள்.

"ஐயோ, யாருக்கும் இல்ல அக்கா!"

"இருந்தா எல்லாரும் ஒரே சமயத்துல பூசணும். ஒருத்தி பூசி ஒருத்தி பூசலைன்னா மாத்தி மாத்தி வரும். சொல்லிட்டேன்!"

தவமணி வீட்டுக்குப் போய் இலையை அரைத்தாள். மகளுக்குப் பூசினாள். பாறைமேல் தனிப் புல் போட்டாள். எட்டாம் நாள் பவளம் குதித்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, அரிக்கவே இல்ல!"

அன்று மாலையே நாத்தனார் கோமளம் கேட்டாள். "ஏன் அண்ணி, பவளம் மட்டும் தனியாப் புரள்றா? எங்க புல்லு உங்க பொண்ணுக்குக் குத்துதோ?"

"அதெல்லாம் இல்ல கோமளம்! பிள்ளைங்க விளையாட்டு!"

மறுநாளே தவமணி பாறையிலிருந்த புல்லைத் தண்ணீரில் தள்ளிவிட்டாள். மிச்ச இலையையும் அதோடு வீசினாள். அரிப்புத்தான் போய்விட்டதே! பவளம் பழையபடி எல்லோரோடும் திட்டில் புரண்டாள்.

பதினைந்து நாள் போயிற்று. தொடையில் ஒன்றாக இருந்தது முதுகில் மூன்றாக வந்தது.

தவமணிக்குப் பேச்சிமேல் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. 'நல்ல மருந்தாக இருந்தால் திரும்ப வருமா?' அவள் ஆலமரத்து வேருக்குள் இருந்த ரத்தினத்திடம் போனாள். ரத்தினம் ஒரு பெருச்சாளி. வைத்தியர் என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டவன்.

"வாங்க மருமகளே, வாங்க!" ரத்தினம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "அந்தக் கீரி மாசக்கணக்குல இழுத்தடிப்பாளே! நம்ம வெள்ளைப் பசை ஒரே பொழுதுதான். தடவுங்க, மறந்துடுங்க!"

"யாருக்குன்னு கேக்கலையே நீங்க?"

"நான் கேக்கவே மாட்டேன்! யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன்!"

அந்த ஒரு பேச்சு தவமணிக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

பசையும் சொன்னபடியே கேட்டது. காலையில் மகள் முதுகில் தடவினாள், மாலையில் சிவப்பைக் காணோம். அரிப்பும் இல்லை. தவமணி தன் அக்குளிலும் கொஞ்சம் தடவிக்கொண்டாள். நான்கு நாள் விட்டுப் பார்த்தால் வட்டம் முன்னைவிடப் பெரிதாக நின்றது. மறுபடியும் தடவினாள். மறுபடியும் அடங்கியது. மறுபடியும் வந்தது. இப்போது வட்டத்துக்கு ஓரமே இல்லை. வெந்நீர் கொட்டிய மாதிரி பவளத்தின் முதுகு முழுக்கப் படர்ந்தது. தோல் வெங்காயச் சருகுபோல மெலிந்தது.

கார்த்திகை நடுவில் ஒருநாள் தவமணி பசை வாங்கப் போனாள். வேர்ப் பொந்திலிருந்து கோமளம் வெளியே வந்தாள். அவள் வாயில் இலையில் மடித்த பசை. இருவரும் திடுக்கிட்டு நின்றார்கள்.

கோமளம் மடிப்பைக் கீழே வைத்தாள். "பல்வலி அண்ணி! அதுக்குத்தான் வந்தேன்!"

"எனக்கும் பல்வலிதான் கோமளம்!"

"பனிக்காலம் பாருங்க. எல்லாருக்கும் பல்வலி!"

"ஆமாமா, பனிதான்!"

கோமளத்தின் கழுத்தில் மயிர் உதிர்ந்த வட்டம் ஒன்றைத் தவமணி பார்த்தாள். தவமணியின் அக்குளைக் கோமளம் பார்த்தாள். பிறகு இருவரும் ஆற்றைப் பார்த்தார்கள். அன்றைக்கு ஒருத்தி வாய் திறந்திருந்தால் போதும். ஒருத்தியும் திறக்கவில்லை.

கார்த்திகை முடியப்போகிற நேரத்தில் தவமணி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு குட்டியோடு மறுபடியும் புற்றருகே போய் நின்றாள். பவளத்தின் முதுகைப் பார்த்ததும் பேச்சியின் மீசை துடித்தது.

"யாருடி இதுல வெள்ளைப் பசை போட்டது?"

தவமணி மகளின் முதுகை முன்னங்காலால் மறைத்தாள்.

"அந்தப் பசை அரிப்பைத் தூங்கவைக்கும். பூஞ்சைக்குச் சோறு போடும்! இனிமே ரெண்டு மாசம் இலை பூசணும். அப்புறம்தான் மயிர் முளைக்கும். குளிரோ வாசலுக்கு வந்துட்டுது. இந்தக் குளிர் முடியற வரைக்கும் குட்டியைத் தண்ணியில விடாதே. இன்னொன்னு. நீ பொய் சொன்னே. இது ஒரு குட்டிக்கு மட்டும் வந்ததில்ல. போய் வீட்டுல எல்லாரையும் கேளு. அந்தப் புல்லைப் பிடுங்கிப் போடு!"

தவமணி கேட்கத்தான் போனாள். வளையில் எல்லோரும் இருந்தார்கள். "அத்தை, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தாள். "பவளத்துக்கு உடம்புல ஏதோ..."

மாமியார் நிமிர்ந்தாள். "நம்ம வம்சத்துல யாருக்கும் தோல் வியாதி வந்ததே கிடையாது. அப்படி ஏதாவது இருந்தா உன் பிறந்த வீட்டுலேர்ந்து வந்ததாத்தான் இருக்கும்!"

கோமளம் கழுத்தைத் திருப்பிக்கொண்டாள். தவமணி மீதியை விழுங்கிவிட்டாள்.

மார்கழி பிறந்தது. மடுவின்மேல் புகைபோலப் பனி மிதந்தது. தவமணி மகளை வளையிலேயே இருக்கச் சொன்னாள். "நான் மீன் கொண்டாந்து தரேன். நீ இறங்கக் கூடாது, ஆமா!" நான்கு நாள் பவளம் சொன்ன பேச்சைக் கேட்டாள். ஐந்தாம் நாள் காலை, கரையோரம் ஒரு கெண்டை வாலாட்டிக்கொண்டு போயிற்று. குட்டிதானே! குதித்துவிட்டாள்.

மீனோடுதான் கரையேறினாள். ஆனால் தண்ணீர் நேரே தோலுக்குப் போயிருந்தது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. பழக்கத்தில் அவள் மருதமரத்தடிக்கு ஓடி அந்தத் திட்டில் புரண்டாள். பனியில் ஊறிக்கிடந்த புல் அவளைக் காயவைக்கவில்லை. தவமணி ஓடிவந்து மகளைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். தன் சூடு முழுவதும் கொடுத்துப் பார்த்தாள். உச்சி வெயில் வந்தும் குட்டிக்குச் சூடு ஏறவில்லை.

"அம்மா," என்றாள் பவளம். "இப்ப அரிக்கவே இல்ல."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

எல்லோரும் சுற்றி நின்றார்கள். தவமணி அழவில்லை. குட்டியைப் புல்லில் கிடத்திவிட்டு, முன்னங்காலைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். அக்குள் மொட்டையாக இருந்தது.

"எனக்கும் இருக்கு. ஐப்பசிக்கு முன்னாலேர்ந்து இருக்கு!"

கோமளம் மெல்லக் கழுத்தை நீட்டினாள். தவமணியின் புருஷன் வயிற்றைக் காட்டினான். கொழுந்தன்மார் இருவரும் வாலைத் தூக்கினார்கள். கடைசியாக மாமியார் திரும்பி நின்றாள். அவள் இடுப்பில் இருந்ததுதான் எல்லாவற்றிலும் பெரியது, எல்லாவற்றிலும் பழையது.

யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டுவதற்கு அங்கே யாருக்கும் வாயில்லை.

அன்றைக்கே ஆறு நீர்நாய்களும் சேர்ந்து அந்தப் புல்லை வேரோடு பிடுங்கி வெயிலில் எறிந்தன. ஆளுக்கொரு பாறையில் தனித்தனியாகப் புல் போட்டுக்கொண்டன. தினமும் அதைக் காயவைத்தன. பேச்சி கொடுத்த இலையை எல்லோரும் ஒரே நாளில் பூச ஆரம்பித்தார்கள். அரிப்பு நின்றது. பூசினார்கள். தோல் தெளிந்தது. அப்போதும் பூசினார்கள். பங்குனியில் ஆறு பேருக்கும் மயிர் மினுமினுவென்று அடர்ந்து வளர்ந்தது. ரத்தினம் பசையைத் தூக்கிக்கொண்டு அடுத்த மடுவுக்குக் குடிபோனான். அங்கேயும் அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

தவமணி மட்டும் தினமும் ஏழு பாறையில் புல் காயவைத்தாள்.

வெட்கப்பட்டு நோயை மறைக்கிறவர்களும், அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்துகிறவர்களும் அந்த நோயைத் தங்கள் வீட்டுக் குழந்தைக்குத்தான் கொடுக்கிறார்கள்.