வண்டிக்கு அடியில் சுண்ணாம்பு

மேட்டுப்பாளையத்தில் மலைப்பாதையில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் ஜைத்தூன் மாஸ்டர். வயது முப்பதைத் தாண்டியிருக்கும், அவ்வளவுதான். அவருடைய சீடர்களில் மூத்தவர் கனகசபாபதி, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். காலமெல்லாம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டுப் பாடுபடுத்தியவர், இப்போது தானே கேள்வியும் கையுமாக மாஸ்டரின் பட்டறையில் வந்து நின்றார்.

"மாஸ்டர், வண்டிய எவ்வளவு தூக்கட்டுங்க? லிஃப்ட் கிட் ரெண்டு இன்ச்சா, நாலா? வீல் பதினாறா, பதினேழா? டயர் எந்த சைஸுங்க?"

"எதுக்கு சார் தூக்கோணும்?"

"பாறை தட்டுதுங்க."

பொங்கலுக்கு மனைவி தெய்வானையை மலைமேல் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார். ஊருக்குக் கீழே ஒரு பாறை. வண்டிக்கு அடியில் டமாரென்று ஒரு சத்தம். முழங்கால் வலியோடு தெய்வானையால் நடந்து ஏறவும் முடியவில்லை. மேலே வாசலில் தங்கை கையாட்டிக்கொண்டு நிற்க, வண்டி ரிவர்ஸிலேயே இறங்கி வந்துவிட்டது. வீடு வந்து சேரும்வரை தெய்வானை அழுதாள். வருகிற வெள்ளிக்கிழமை அந்தத் தங்கை மகளுக்குச் சீர். பெரியம்மா போகாமல் எப்படி?

மாஸ்டர் ஒரு வாளியில் சுண்ணாம்பைக் கரைத்து, மட்டையை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார். ஓர் இடம் விடாமல் வெள்ளையடித்தார்.

"புது வண்டிங்க மாஸ்டர்!"

"காஞ்சதும் அக்காவக் கூட்டிட்டு அதே பாறைக்குப் போங்க. டயர்ல கொஞ்சம் காத்து இறக்கி விடறேன், பாறைல நல்லாப் பிடிக்கும். பாறை வந்ததும் அக்கா இறங்கி நின்னு வழி சொல்லட்டும்."

"அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்களே."

"பார்க்கத் தெரியுமில்ல?"

சாயங்காலம் தெருமுனையிலேயே ஹாரன் கேட்டது. வண்டி வந்து நின்றதும் பட்டறை முழுக்கப் பலாப்பழ வாசனை. வாத்தியார் பள்ளிக்கூடம் விட்ட பையனைப்போலக் குதித்து இறங்கினார்.

"ஏறிட்டோமுங்க மாஸ்டர்! தங்கச்சி வீட்டு வாசல் வரைக்கும்!"

"கல்யாணமாகி இன்னைக்குத்தானுங்க நான் சொன்ன பக்கம் திரும்புனாரு," என்றாள் தெய்வானை. சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஆனா ஒரு தடவ தட்டுச்சுங்க," என்றார் வாத்தியார்.

மாஸ்டர் டார்ச் லைட்டோடு அடியில் படுத்தார். வாத்தியாரையும் கூப்பிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் படுத்தார். சுண்ணாம்பு எல்லா இடத்திலும் அப்படியே இருந்தது. இடது கதவுக்குக் கீழே தொங்கிய கால்படியில் மட்டும் சுண்ணாம்பு உரசிப்போய் இரும்பு தெரிந்தது.

"இது வண்டியோட வந்த படி இல்லையே சார்?"

"நான்தானுங்க போட்டேன். இவ முழங்காலுக்காக."

"இதைக் கழட்டிருவோம். டயர் மட்டும் மாத்துவோம். இதே சைஸ், சேத்துல நல்லாப் பிடிக்கற மாதிரி. வீல் இருக்கறதே போதும்."

"லிஃப்ட் கிட்டுங்க?"

"படி போனாலே நாலு இன்ச் இடம் கிடைச்சுரும்."

கேட்ட நாலு இன்ச் கிடைத்துவிட்டது. வாத்தியாருக்கு வாயெல்லாம் பல். மறுநிமிஷமே முகம் மாறியது.

"படி இல்லாம இவ எப்படிங்க ஏறுவா?"

மாஸ்டர் ஸ்பேனரைத் தேடி எடுத்தார்.

"நீங்க இறங்கி, சுத்தி வந்து, கை குடுங்க சார்."

கணக்கு வாத்தியார் மனைவி பக்கம் திரும்பினார். தெய்வானை அதற்குள் கையை நீட்டியிருந்தாள்.