மூன்றாவது மெஷினின் வளையங்கள்

நடந்ததை உள்ளபடி சொல்கிறேன். தீர்ப்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கோவை கணபதியில் சென்னியப்பன் என்பவர் ஒரு பட்டறை வைத்திருந்தார். பம்புக்குள் உட்காரும் அலுமினிய வளையங்களைக் கடைந்து தரும் வேலை அவருக்குக் கிடைத்தது. நாளுக்கு நானூறு வளையம். குறைந்தால் வேலை வேறு கைக்குப் போய்விடும். வளையத்தை மெஷினில் அசையாமல் பிடித்துக்கொள்ள ஃபிக்ஸர் வேண்டும். வெளியில் விசாரித்தால் விலை தலையைச் சுற்ற வைத்தது.

"நானே வரைஞ்சு தர்றேனுங்க சார். பத்துல ஒரு பங்கு செலவுல முடிச்சிரலாம்" என்றாள் கலாமணி. அந்தப் பட்டறையில் பதினோரு வருடமாக அடுத்தவர் வரைந்ததைத் திருத்திக்கொண்டிருந்தவள். தானே பொறுப்பேற்ற முதல் வேலை அது.

சாதாரண இரும்புப் பட்டை, மூன்று போல்ட். மூன்று பக்கமிருந்தும் வளையத்தை நெருக்கிப் பிடிக்கும். நான்கு மெஷினுக்கும் ஒவ்வொன்று மாட்டினார்கள். பிடித்திருந்த நிலையிலேயே கலாமணி வளையத்தை அளந்து பார்த்தாள். அப்பழுக்கில்லாத வட்டம். சென்னியப்பன் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கித் தந்தார்.

நான்காம் நாள் வளையங்கள் திரும்பி வந்தன. வட்டமாக இல்லையாம்.

கலாமணி ஒன்றை மேசைமேல் வைத்து அளந்தாள். புரிந்துவிட்டது. அலுமினியம் மென்மையான உலோகம், வளையத்தின் சுவரும் மெல்லியது. போல்ட் நெருக்கும்போது ஒடுங்குகிறது. ஒடுங்கிய நிலையில் வட்டமாகக் கடைந்துவிட்டு போல்ட்டைக் கழற்றினால், விரிந்து கோணிக்கொள்கிறது. மெஷின்வாரியாகப் பெட்டிகளை அளந்தாள். ஆனால் மூன்றாவது மெஷினின் பெட்டியில் மட்டும் ஒரு வளையம்கூடக் கோணவில்லை.

அந்த மெஷினில் நிற்பவள் எஸ்தர். சாப்பாட்டு வேளையில் கலாமணி அவளிடம் தனியாகக் கேட்டாள்.

"பாதி கடைஞ்சதும் நிறுத்திப் போல்ட்டைத் தளர்த்திருவேன்க்கா. அப்புறம் லேசா முறுக்கிட்டு மிச்சத்தைக் கடைவேன். எண்ணிக்கைதான் கொறையும்" என்ற எஸ்தர், கலாமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம் பேரை மட்டும் சொல்லிப்போடாதீங்க."

பயத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டு மாதம் முன்பு வேறொரு வேலையில், ரங்கன் என்ற தொழிலாளி அப்படித்தான் நடுவில் போல்ட்டைத் தளர்த்தப் போய் இரண்டு விரலை இழந்தான். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் சென்னியப்பன். கடைந்து முடிக்கும்முன் போல்ட்டைத் தொட்டால் வேலை கிடையாது என்று அதன்பிறகுதான் சட்டம் போட்டார்.

"சொல்ல மாட்டேன்" என்று கலாமணி வாக்குக் கொடுத்தாள்.

அன்று முழுக்க போல்ட் முனையில் ரப்பர் வைத்துப் பார்த்தாள், பித்தளை வைத்துப் பார்த்தாள். மெல்லப் பிடித்தால் வளையம் நழுவியது. இறுக்கினால் கோணியது. மாலையில் சென்னியப்பன் வந்து நின்றார்.

"ஏனம்மிணி, மூணாவது மெஷின்ல மட்டும் எப்படி நல்லா வருது?"

"தெரியலீங்க சார்."

மறுநாள் காலை அவர் மூன்றாவது மெஷின் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டார். எஸ்தர் பாதி கடைந்தாள். நிறுத்தினாள். மெஷின் கதவைத் திறந்து, ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"நல்ல வளையம் வேணுங்களா சார், நானூறு வேணுங்களா?"

"ரங்கன் கையைப் பார்த்தியா நீ?"

"மெஷின் நின்னிருக்குங்க சார்."

"அன்னைக்கு அவனும் அதைத்தான் சொன்னான்."

அவர் வாசலைக் காட்டினார். எஸ்தர் கையைத் துடைத்துக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு நடந்தாள். கலாமணி எழுந்தாள். இரண்டு எட்டு வைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாள். எஸ்தர் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அன்றிலிருந்து நான்கு மெஷினிலும் வளையங்கள் கோணின. அந்த வாரமே வேலை கைவிட்டுப் போனது.

சட்டத்தை மீறி நல்ல வளையம் கடைந்தாள் எஸ்தர். சட்டத்தை விடாமல் நின்றார் சென்னியப்பன். கொடுத்த வாக்கைக் காத்தாள் கலாமணி. இதில் யார் செய்தது சரி?

விடை: எஸ்தரிடமும் நியாயம் உண்டு, சென்னியப்பனிடமும் உண்டு. ஒருத்தி செய்யும் வேலை நன்றாக வர வேண்டுமென்று பார்த்தாள், மற்றவர் இன்னொரு கை போய்விடக் கூடாதென்று பார்த்தார். கலாமணி செய்தது சரியில்லை. எஸ்தர் தன் பெயரைத்தான் சொல்ல வேண்டாம் என்றாள். "நான் வரைஞ்ச ஃபிக்ஸர் தப்புங்க சார்" என்று சொல்ல யார் பெயரும் தேவையில்லை. சொல்லியிருந்தாலும் வந்த வேலை போயிருக்கலாம். ஆனால் அவர் ஃபிக்ஸரை மாற்றத்தான் பார்த்திருப்பார், மூன்றாவது மெஷின் பக்கம் போய் நின்றிருக்க மாட்டார்; எஸ்தர் போயிருக்க மாட்டாள்.