கொண்டலாத்தியின் ஒப்புதல்

அந்தக் காலத்தில் பறவைகள் பேசின. பருந்து அவற்றுக்கு அரசனாக இருந்தான். அவனுக்குப் பசித்தபோதெல்லாம் ஒரு சட்டம் பிறந்தது. ஒரு கோடையில் கரிச்சான்கள் ஒன்றுசேர்ந்து அவனை விரட்டின. அவன் உயரே போய் வட்டமிட்டுக்கொண்டிருந்தான்.

இனி முடிவுகளைப் பறவைகளின் சபை எடுக்கும் என்று ஏற்பாடாயிற்று. ஆனாலும் அரசனின் இடம் காலியாக இருந்தால் பருந்து இறங்கிவிடுவான் என்ற பயம் இருந்தது. அதனால் கொண்டலாத்தியை அரசனாக்கினார்கள். அவனுக்குத் தலையில் கொண்டை இருந்தது, காலில் கொல்லும் நகம் இல்லை. சபையின் தீர்மானம் வந்ததும் அவன் கொண்டையை விரித்துத் தலையாட்ட வேண்டும். ஆட்டினால்தான் சட்டம். மனம் ஒப்பாவிட்டால், மறுபடி யோசித்தீர்களா என்று ஒரு முறை கேட்கலாம். அதன் பிறகும் ஆட்டாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் பேசிவைக்கவில்லை.

அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ராத்திரியில் கழுத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்கிறீர்களா ராஜா என்று மைனாக்கள் கேட்டன. அதற்கும் ஆட்டினான்.

அடுத்த கோடையில் காற்றும் மழையும் மரங்களைச் சாய்த்தன. ஓர் இலுப்பை மட்டும் நின்றது. அதில் ஒரே பொந்து. உள்ளே கொண்டலாத்தியின் மனைவி அடைகாத்திருந்தாள். வெளியே மைனாக் குஞ்சுகள் கூட்டமாக நனைந்துகொண்டிருந்தன. பொந்து குஞ்சுகளுக்கே என்று சபை தீர்மானித்தது. நியாயமான தீர்மானம்தான்.

சபைத் தலைவனான கரிச்சானே அதைக் கொண்டுவந்தான். அரசனின் முகத்தைப் பார்க்காமல் சொல்லி முடித்தான்.

"மறுபடி யோசித்தீர்களா?" என்றான் கொண்டலாத்தி.

"யோசித்தோம், அரசே. சொல்ல வரத்தான் நேரமாகிவிட்டது."

பொந்துக்குள்ளிருந்து மனைவி பேசினாள். "முட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன்? இந்த ஒரு தடவை சும்மா இருங்கள். உங்களை யாரால் என்ன செய்துவிட முடியும்?"

"யாராலும் முடியாது," என்றான் அவன். "பருந்தையும் அப்படித்தான் விட்டுவைத்திருந்தார்கள்."

மேலே பருந்து சற்றுத் தாழ்ந்து வந்து வட்டமிட்டான். கரிச்சான் அவனையும் பார்த்தான், அரசனையும் பார்த்தான். கொண்டலாத்தி கொண்டையை விரித்தான். தலையாட்டினான்.

அவள் வெளியே வந்து ஈரக் கிளையில் உட்கார்ந்தாள். மைனாக்கள் பொந்தைச் சுத்தம் செய்தபோது முட்டைகள் கீழே விழுந்தன. மழை அவற்றைக் கழுவிக்கொண்டு போயிற்று. பருந்து பழையபடி உயரத்துக்குப் போனான்.

கொண்டலாத்தி தரையில் இறங்கி, முட்டைகள் விழுந்த இடத்தில் நடந்தான். கொண்டை மடங்கியிருந்தது. தலை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

"இப்போது யாருக்கு ஆட்டுகிறீர்கள்?" என்று மனைவி கேட்டாள்.

அன்று முதல்தான் கொண்டலாத்தி எங்கே வந்து இறங்கினாலும் ஒரு கணம் கொண்டையை விரித்துப் பார்க்கிறது. யாரும் எதுவும் கொண்டுவரவில்லை என்று தெரிந்ததும் மடக்கிக்கொண்டு, தரையைப் பார்த்துத் தலையாட்டியபடி நடக்கிறது.