மேல் வரிசை

"தாயே, போன சித்திரையில குழந்தைவேல் பாதி இலையை அப்படியே வச்சுட்டு எழுந்து போனானே. என் சமையல்ல என்ன குத்தம்?"

மாசிலாமணி இதைக் கேட்பது முதல் தடவையா என்ன! ஒரு வருஷமாக இதே பாட்டுத்தான்.

மலையடி மடத்தில் அடுப்படி அவர் பொறுப்பு. குரு வெள்ளையம்மைக்கு அவரைவிட வயது குறைவு. அவர் 'தாயே' என்பார், அவள் 'அண்ணே' என்பாள். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் கிடையாது.

"எதையெல்லாம் விட்டுவச்சார்?" என்று இன்றைக்குத்தான் திருப்பிக் கேட்டாள்.

"மேல் வரிசை முழுக்க. கூட்டு, பொரியல், மாங்காய்ப் பச்சடி, ஒண்ணைக்கூடத் தொடலை. கீழே போட்ட சோத்தையும் குழம்பையும் சாப்பிட்டான், போயிட்டான்."

வெள்ளையம்மை முறத்தில் வேப்பம்பூவைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வர்றான் தாயே. சடையப்பன் எப்படியோ பேசிக் கூட்டிட்டு வர்றான். நாங்க மூணு பேரும் ஒரே மரத்துல கல்லெறிஞ்சு வளர்ந்தவங்க. முதல் மாங்காய் வந்தா ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடாம இருந்ததில்லை. இந்தத் தடவையும் சொதப்பினேன்னா அவன் இந்த வாசலையே மிதிக்க மாட்டான்."

"ஒண்ணா உட்கார்ந்தா?"

"அவங்க உட்காருவாங்க. நான் பரிமாறுவேன்."

"ஓகோ" என்றாள்.

மறுநாள் விடியும்போதே அடுப்பு எரிந்தது. பலாக்கொட்டைக் கூட்டு, முருங்கைக்காய் சாம்பார், வெல்லம் போட்ட மாங்காய்ப் பச்சடி. புளி தூக்கலா? ஒரு சொட்டு நக்கினார். காரம் போதாதோ? இன்னொரு சொட்டு. நக்கி நக்கி நாக்கே மரத்துப்போய், கடைசியில் இனிப்பா புளிப்பா என்றுகூட மனிதருக்குத் தெரியவில்லை.

உப்புப் போடலாம் என்று ஜாடியைத் தேடினார். காணோம்.

அது வெள்ளையம்மை கையில் இருந்தது.

"இன்னிக்கு எதிலயும் உப்பு வேண்டாம் அண்ணே. இலை ஓரத்துல மட்டும் வைங்க."

"ஐயையோ தாயே! என் மானமே போயிடும்!"

ஒரு பிடி உப்பைக் கிண்ணத்தில் போட்டு அவரிடம் நீட்டிவிட்டு, ஜாடியோடு நடையைக் கட்டினாள். குரு சொல்லைத் தட்ட முடியுமா? தட்டத்தான் ஆசையாக இருந்தது. தட்டவில்லை.

நண்பர்கள் வந்ததை அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தார். சடையப்பனின் தோளில் கை போட்டபடி குழந்தைவேல் வந்தான். அவனிடம் மட்டும் நல்ல ஒட்டுதல் என்று மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. வெளியே போய், "வாங்கடா" என்று சொல்லக்கூடக் கால் வரவில்லை.

இலை போட்டார். ஓரத்தில் உப்பு வைத்தார். மேல் வரிசை நிறைய வைத்தார். சோறு போட்டு சாம்பார் ஊற்றினார்.

முதல் கவளம் உள்ளே போனது.

"அடப்பாவி, உப்பே இல்லையேடா!" என்று சடையப்பன் சிரித்தான். இலை ஓரத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

மாசிலாமணி அவன் பக்கம் திரும்பவே இல்லை. குழந்தைவேல் எழுந்துவிடுவானோ என்று அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

குழந்தைவேலும் உப்புக்குத்தான் கையை நீட்டினான்.

கை வெற்று இலையில் இறங்கியது. அங்கிருந்து மெல்ல நகர்ந்தது. பச்சடிக்குள் விரல் பட்டதும் வெடுக்கென்று பின்வாங்கியது. மறுபடி தடவியது. தண்ணீர் டம்ளர் உருண்டது.

நல்ல வெளிச்சம். பச்சை இலையில் வெள்ளை உப்பு.

மாசிலாமணி கையிலிருந்த சாம்பார் வாளியை யாரோ வாங்கினார்கள். வெள்ளையம்மை.

"உட்காருங்க அண்ணே."

நண்பன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் மணிக்கட்டைப் பிடித்து இலை ஓரத்துக்குக் கொண்டுபோனார்.

"இங்க இருக்குடா."

குழந்தைவேல் உப்பை எடுக்கவில்லை. கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை.

"போன வருஷமே கண்ணு ரொம்ப மங்கிப் போச்சுடா. சொல்லத்தான் வந்தேன். வாயைத் திறக்கும்போதெல்லாம் உப்பு சரியா, புளி சரியான்னு தலைக்கு மேல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தே."

உருண்டு கிடந்த டம்ளரை மாசிலாமணி மற்றக் கையால் நிமிர்த்தி வைத்தார்.

"சரி, விடு" என்றான் குழந்தைவேல். "மேல் வரிசையில என்னென்னடா வச்சிருக்கே? ஒண்ணொண்ணாச் சொல்லு."