தண்ணீர் அவசரப்படாத நாள்

அந்தக் காலத்தில் ஆறும் பேசும், ஆற்றில் குடியிருந்த உயிர்களும் பேசும். அப்போது தண்ணீருக்கு ஒரு குணம்: எது வந்தாலும் முந்திக்கொண்டு விலகி வழிவிடும். மீனுக்கும் அப்படித்தான், எறிந்த கல்லுக்கும் அப்படித்தான்.

பொதிகை அடிவாரத்து ஆற்றில் வெண்கழுத்தி என்றொரு நீர்நாய் இருந்தாள். ஒரு நாள் காலையில் கொம்பையா என்ற வேட்டைக்காரன் நீர்நாய்த் தோலுக்காக நாட்டுத் துப்பாக்கியோடு வந்தான். அவனைக் கண்டதும் வெண்கழுத்தியின் புருஷன் மடுவின் அடிக்கு முங்கினான். ஈயக்குண்டு தண்ணீருக்குள் தடையில்லாமல் போய், அங்கே வைத்தே அவனைக் கொன்றது. கொம்பையா உடலை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

இரண்டு நாள் அவள் இரை எடுக்கவில்லை. பால் வற்றிப்போய், கண் திறக்காத குட்டிகள் இரண்டும் பொந்துக்குள் கத்தின. மூன்றாம் நாள் அவள் ஆற்றிடம் போனாள்.

"ஆத்தா, அந்தக் குண்டு உன் வழியாத்தானே வந்துச்சு?"

"வந்துச்சு மகளே. நான் யாரைத் தடுத்திருக்கேன்? விலகுறதுதானே என் குணம்?"

"குணத்தை மாத்திக்கச் சொல்லலை. நீ விலகுற வரைக்கும் மீன் பொறுத்துத்தானே போகுது? மூச்சுவிடக்கூட நேரம் தராம வர்றதுக்கு நீ ஏன் விழுந்தடிச்சு விலகணும்?"

ஆறு அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டே ஓடியது.

பசி பொறுக்காமல் அவள் இரைக்கு இறங்கினாள். ஒரு கெளுத்தியைக் கவ்விக்கொண்டு தலை தூக்கியபோது, எதிர்ப்பாறையில் கொம்பையா குறி பார்த்துக்கொண்டிருந்தான். முங்கினாள். வெடிச்சத்தம் கேட்டது. குட்டிகளை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆறு அன்று அவசரப்படவில்லை. விலகாத தண்ணீரை மோதித் தள்ளித் தள்ளியே குண்டின் மூச்சு போயிற்று. அவளுக்கு ஒரு முழம் மேலே தயங்கி நின்று, கூழாங்கல்போல மணலில் விழுந்தது.

வெடிமருந்து போதவில்லை என்று நினைத்த கொம்பையா, இருமடங்கு மருந்தை இடித்துச் சுட்டான். இந்தக் குண்டு இன்னும் வேகமாக வந்தது. வந்த வேகத்துக்கு, மேல் தண்ணீரிலேயே மோதிச் சிதறியது.

"உனக்கு என்ன கேடு வந்துச்சு?" என்று அவன் ஆற்றை ஓங்கி அறைந்தான். உள்ளங்கை சிவந்து எரிந்தது.

"மெதுவா வாய்யா. வழிவிடுறேன்" என்றது ஆறு.

எரிந்த கையை அவன் மெல்ல இறக்கினான். தண்ணீர் விலகி, கையை வாங்கிக்கொண்டு குளிர வைத்தது. பிறகு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனான்.

வெண்கழுத்தி கெளுத்தியோடு பொந்துக்குத் திரும்பினாள். புருஷன் படுக்கும் இடம் வெறுமையாகத்தான் கிடந்தது. ஆனாலும் அன்று பால் சுரந்தது.

மெல்ல விட்ட கைக்குத் தண்ணீர் வழிவிடுவதும், ஓங்கி அடித்த கையைத் திருப்பி அறைவதும், சீறி வரும் குண்டைச் சில முழத்துக்குள் நிறுத்திவிடுவதும் அன்றிலிருந்துதான்.